சவ்வு வழி கார்பன் பிடிப்பு: ரசாயனம் இல்லை, சரி, மின்சாரக் கணக்கு என்ன?

ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்துப் பிடிக்கும் திட்டங்கள் பற்றிய செய்திகளில் 'சவ்வு' என்ற சொல் அடிக்கடி அடிபடுகிறது. ரசாயனக் கரைசல் வேண்டாம், நீராவி வேண்டாம், மெல்லிய பிளாஸ்டிக் படலம் போதும் என்கின்றன அறிவிப்புகள். இதுவும் நிலக்கரியின் ஆயுளை நீட்டிக்கும் ஏற்பாடுதான் என்று எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். எதை நம்புவது?

இந்தத் தொழில்நுட்பத்தில் படலம் மட்டும் பார்த்தால் ஏறக்குறைய சுத்தமான பொருள்தான். சூழல் பாதிப்பு வேறு மூன்று இடங்களில் இருக்கிறது: பம்ப்புகளை ஓட்டும் மின்சாரம், வழியில் கசியும் பிற வாயுக்கள், பிடித்த வாயு கடைசியில் போய்ச் சேரும் இடம். அடிப்படையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புகையில் இருப்பது என்ன?

நிலக்கரி அனல்மின் நிலையத்தின் புகையில் கரியமில வாயு 12 முதல் 15 சதவீதம்தான். மீதியில் பெரும்பங்கு நைட்ரஜன். கூடவே நீராவி, கொஞ்சம் ஆக்சிஜன், கந்தக ஆக்சைடுகள், நைட்ரஜன் ஆக்சைடுகள், நுண்தூசி. இயற்கை எரிவாயு நிலையம் என்றால் கரியமில வாயு 4 சதவீத அளவுக்கே இருக்கும். சிமென்ட் சூளையில் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் 0.04 சதவீதம்.

புகையை அப்படியே அழுத்தி நிலத்துக்கு அடியில் செலுத்த முடியாது. பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் வேண்டாத வாயுக்களை அழுத்துவதற்கே மின்சாரம் முழுவதும் போய்விடும். அதனால் முதலில் பிரிக்க வேண்டும். செறிவு குறையக் குறைய இந்தப் பிரிக்கும் வேலை கடினமாகிக்கொண்டே போகும். நிலக்கரி, எரிவாயு, சிமென்ட், காற்று என்று மேலே சொன்ன செறிவுகளை மனதில் வைத்துக்கொண்டால் இனி வருவதெல்லாம் எளிதாகப் புரியும்.

சவ்வு சல்லடை அல்ல

சவ்வு என்றதும் ஓட்டைகள் வழியே சிறிய மூலக்கூறு போகும், பெரியது நிற்கும் என்று தோன்றும். கரியமில வாயு மூலக்கூறின் விட்டம் சுமார் 0.33 நானோமீட்டர், நைட்ரஜனுடையது 0.364. இவ்வளவு சின்ன வித்தியாசத்தை நம்பி, லட்சக்கணக்கான சதுர மீட்டருக்குத் துல்லியமான ஓட்டைகள் போடுவது நடக்கிற காரியமில்லை.

பாலிமர், அதாவது பிளாஸ்டிக், சவ்வில் நடப்பது வேறு. வாயு முதலில் படலத்தின் ஒரு பக்கத்தில் கரைகிறது. பிறகு பாலிமர் சங்கிலிகளுக்கு இடையே ஊர்ந்து மறுபக்கம் வெளியே வருகிறது. கரியமில வாயு இந்தப் பாலிமர்களில் நைட்ரஜனைவிடப் பல மடங்கு நன்றாகக் கரையும். அதனால் அது முந்திக்கொள்கிறது.

இங்கே இரண்டு சொற்கள் முக்கியம்.

1. ஊடுருவு திறன்: குறிப்பிட்ட பரப்பளவும் அழுத்தமும் இருக்கும்போது எவ்வளவு வாயு கடந்து போகிறது என்பது. இது அதிகமானால் சவ்வின் பரப்பு குறைவாக இருந்தால் போதும்.

2. தேர்வுத் திறன்: ஒரு நைட்ரஜன் மூலக்கூறு கடக்கும் நேரத்தில், சமமான சூழ்நிலையில், எத்தனை கரியமில வாயு மூலக்கூறுகள் கடக்கின்றன என்பது. நல்ல வணிகச் சவ்வுகளில் இது 50 வரை வருகிறது.

ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். ஏராளமான பாலிமர்களின் தரவுகளை ஒரே வரைபடத்தில் வைத்து, அவை தாண்டாத எல்லைக்கோடு ஒன்று இருப்பதை லாயிட் ரோப்சன் 1991-ல் காட்டினார். 2008-ல் அந்தக் கோடு கொஞ்சம் மேலே நகர்த்தப்பட்டது. இந்தத் துறையின் ஆய்வுக்கூடங்கள் பலவும் அந்தக் கோட்டைத் தாண்டத்தான் முயல்கின்றன.

உண்மையில் பிரிக்கும் வேலையைச் செய்யும் அடுக்கின் தடிமன் சுமார் 100 நானோமீட்டர். 600 மெகாவாட் நிலக்கரி நிலையம் ஒன்றுக்கு 10 லட்சம் சதுர மீட்டர் என்ற அளவில் சவ்வு தேவைப்படும். பெருக்கிப் பாருங்கள்: அந்த அடுக்கின் மொத்தக் கனஅளவு 100 லிட்டர். ஒரு பெரிய மின் நிலையத்தின் புகையை வடிக்கும் பொருள் அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதைத் தாங்கும் நுண்துளை அடுக்கு, துணி, இடைவெளி வலை, குழாய், உறை.

அழுத்த விகிதம்: கதை மாறும் இடம்

வாயு தானாகக் கடந்து போகாது. சவ்வின் இந்தப் பக்கம் கரியமில வாயுவின் பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு, அந்தப் பக்கத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். புகையோ சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் வருகிறது. வேறுபாட்டை நாமே உண்டாக்க வேண்டும்.

வழிகள் இரண்டு. ஒன்று, உள்ளே வரும் புகை முழுவதையும் அழுத்துவது. அதில் எண்பதுக்கு மேற்பட்ட சதவீதம் வேண்டாத வாயு என்பதால் மின்சாரம் வீணாகும். இரண்டு, கடந்து வந்த வாயு இருக்கும் பக்கத்தை வெற்றிட பம்ப்பால் உறிஞ்சுவது. இதில் மின்சாரம் மிச்சமாகும், ஆனால் அழுத்த வேறுபாடு சிறிதாகிவிடும், எனவே சவ்வின் பரப்பு பெருகும். மின்சாரமா, பரப்பா என்ற இந்தப் பேரம் வடிவமைப்பு முழுக்கத் தொடர்கிறது.

தொழிற்சாலை அளவில் 0.2 பார் வெற்றிடம் வரை சிக்கனமாக இறங்கலாம் என்று வைத்துக்கொள்வோம் (வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 1 பார்). புகை 1 பார். விகிதம் 5. அப்படியானால் 13 சதவீதக் கரியமில வாயுவை அதிகபட்சம் 65 சதவீதத்துக்குத்தான் உயர்த்த முடியும். சவ்வின் தேர்வுத் திறன் 50 ஆனாலும் 5,000 ஆனாலும் இந்த உச்சவரம்பு மாறாது. ஆய்வகத்தில் தேர்வுத் திறன் பல நூறு வந்துவிட்டது என்ற செய்தியைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் உள்ளே போனால், புகை சவ்வின் மேல் ஓட ஓட அதிலுள்ள கரியமில வாயு குறைகிறது. 90 சதவீதம் பிடித்து முடிக்கும் கடைசி முனையில் புகையில் மிஞ்சியிருப்பது 1.5 சதவீதம். அங்கே கடந்து வரும் வாயுவில் கரியமில வாயு 7.5 சதவீதத்தைத் தாண்டாது. முதல் பாதியைப் பிடிப்பது சுலபம், கடைசிக் கொஞ்சத்தைப் பிடிப்பது கடினம் என்பதற்கு இதுதான் காரணம். சவ்வு நிலையங்களுக்கு 50 முதல் 70 சதவீதப் பிடிப்பே பொருத்தம் என்று பொறியாளர்கள் சொல்வதும் இதை வைத்துத்தான்.

குழாயில் அனுப்ப 95 சதவீதத்துக்கு மேல் தூய்மை வேண்டும். ஆகவே இரண்டாம் கட்டச் சவ்வு, அதன் பின் குளிரூட்டித் திரவமாக்கும் கட்டம் என்று வரிசை நீள்கிறது. ஆக்சிஜனும் சவ்வில் ஓரளவு கடந்து வருவதால் அதையும் நீக்க வேண்டும். நார்வேயின் வடகடல் சேமிப்புத் திட்டமான நார்தர்ன் லைட்ஸ், ஆக்சிஜன் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. இந்தச் சுத்திகரிப்பு ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் உண்டு.

அமெரிக்காவின் எம்டிஆர் நிறுவனம் ஒரு நல்ல உத்தியைக் கொண்டுவந்தது. கொதிகலனுக்குப் போகும் எரிப்புக் காற்றை முதலில் சவ்வின் மறுபக்கம் ஓடவிடுவது. வெற்றிட பம்ப் இல்லாமலே அந்தக் காற்று கரியமில வாயுவை அள்ளிக்கொண்டு கொதிகலனுக்குத் திரும்பும், புகையின் செறிவும் உயரும். ஆனால் எரிப்புக் காற்றில் ஆக்சிஜன் கொஞ்சம் குறைவதால் கொதிகலனின் செயல்திறன் அடிவாங்கும்.

ஒரு டன்னுக்கு எத்தனை யூனிட்?

13 சதவீதப் புகையிலிருந்து ஒரு டன் கரியமில வாயுவைப் பிரிக்க இயற்பியல் கேட்கும் குறைந்தபட்ச ஆற்றல் 45 யூனிட் அளவுதான். நிஜத்தில் பிரிப்பதற்கும், பிறகு 110 பார், அதற்கு மேல் என்று அழுத்துவதற்கும் சேர்த்துப் பல மடங்கு ஆகும். 300 யூனிட் என்று வைத்துக் கணக்குப் போடுவோம்.

1. நிலக்கரி நிலையம் 1,000 யூனிட் தயாரிக்கும்போது சுமார் 900 கிலோ கரியமில வாயு வெளியேறும்.

2. அதில் 90 சதவீதம், அதாவது 810 கிலோ, பிடிக்க 243 யூனிட் செலவாகும்.

3. வெளியே விற்க மிஞ்சுவது 757 யூனிட். காற்றில் கலப்பது 90 கிலோ.

4. மக்களுக்குப் பழையபடி 1,000 யூனிட் வேண்டுமென்றால் 1,321 யூனிட் தயாரிக்க வேண்டும். அப்போது காற்றில் கலப்பது 119 கிலோ.

பிடித்தது 90 சதவீதம், தவிர்த்தது 87 சதவீதம். இந்த வித்தியாசம் சின்னதுதான், பயப்பட ஒன்றுமில்லை. கவலைப்பட வேண்டியது நான்காவது படியில் ஒளிந்திருக்கும் இன்னொரு எண்: நிலக்கரி 32 சதவீதம் கூடுதலாக எரிகிறது. சுரங்கத்தில் வெட்டுவது, அங்கே கசியும் மீத்தேன், ரயிலில் ஏற்றி வருவது, சாம்பல் குளம், குளிர்விக்கும் தண்ணீர் எல்லாம் அதே அளவில் கூடும். புகைபோக்கியில் மட்டும் மீட்டர் வைத்தால் இவை எதுவும் தெரியாது. பிடிப்பு வசதி உள்ள மின் நிலையங்களுக்கு 10 முதல் 40 சதவீதம் கூடுதல் ஆற்றல் தேவைப்படும் என்று ஐ.நா.வின் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2005-லேயே சொல்லியிருந்தது.

சிமென்ட் ஆலை வெளியிலிருந்து மின்சாரம் வாங்கினால் கணக்கு வேறு. பிடிக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 300 யூனிட். அந்த மின்சாரம் யூனிட்டுக்கு 0.9 கிலோ உமிழும் நிலக்கரியிலிருந்து வந்தால் 270 கிலோ கழிந்து, நிகர லாபம் 730 கிலோ. யூனிட்டுக்கு 0.05 கிலோ மட்டுமே உமிழும் மின்கட்டமைப்பு என்றால் நிகர லாபம் 985 கிலோ. படலம், பம்ப், கம்ப்ரசர் எல்லாம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அமீனோடு ஒப்பிட்டால்

இன்று பெரிய அளவில் ஓடும் முறை, அமீன் என்ற நைட்ரஜன் கலந்த ரசாயனத்தின் கரைசல். நிலக்கரி மின் நிலையங்களில் 2014-ல் தொடங்கிய கனடாவின் பவுண்டரி டேம், 2017-ல் தொடங்கிய டெக்சஸின் பெட்ரா நோவா ஆகிய பிடிப்புத் திட்டங்கள் இரண்டும் அமீன்தான். கரைசல் கரியமில வாயுவை உறிஞ்சும். பிறகு 120 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் வெளியே விடும்.

அந்தச் சூட்டில் அமீன் சிதையும். ஒரு சிறு பகுதி புகையோடு வெளியேறும். வளிமண்டலத்தில் அது நைட்ரோசமைன், நைட்ரமைன் என்ற சேர்மங்களாக மாறக்கூடும். நைட்ரோசமைன்களில் பல புற்றுநோயை உண்டாக்குபவை. அதனால்தான் நார்வேயின் பொது சுகாதார நிறுவனம், காற்றில் இவற்றின் மொத்த அளவு கனமீட்டருக்கு 0.3 நானோகிராமைத் தாண்டக் கூடாது என்று மிகக் கண்டிப்பான வரம்பைப் பரிந்துரைத்தது. சிதைந்த கரைசலை அபாயக் கழிவாகவும் அப்புறப்படுத்த வேண்டும். சவ்வில் இந்தப் பிரச்சினை அடியோடு இல்லை. ஆலைக்கு அருகில் குடியிருப்பவர்களின் கோணத்தில் பார்த்தால் இதுவே சவ்வின் மிகப் பெரிய நன்மை என்பது என் கருத்து. ஆற்றல் சேமிப்பைவிட இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஆற்றலில் சவ்வு எப்போதும் ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது. அமீனுக்கு வேண்டியது வெப்பம், சவ்வுக்கு வேண்டியது மின்சாரம். வீணாகும் வெப்பம் கையில் இருந்தால் அமீன் முந்தும். நார்வேயின் பிரெவிக் சிமென்ட் ஆலையில் சவ்வு உட்படப் பல முறைகளைச் சோதித்தார்கள். 2025-ல் திறந்த முழு நிலையம் அமீனில் ஓடுகிறது. ஆண்டுக்கு 4 லட்சம் டன், ஆலையின் உமிழ்வில் ஏறக்குறைய பாதி. ஆலையின் கழிவு வெப்பம் அந்த அளவுக்குத்தான் போதும்.

சவ்வுக்கு அந்த அளவு அனுபவம் இன்னும் இல்லை. வயோமிங்கில் ட்ரை ஃபோர்க் அனல்மின் நிலையத்தில் எம்டிஆரின் சோதனை நிலையம் நாளுக்கு 150 டன்னுக்காக வடிவமைக்கப்பட்டது. ஒரு 600 மெகாவாட் நிலையம் நாளுக்கு 10,000 டன் பிடிக்க வேண்டியிருக்கும்.

படலம் செய்வதும் தூக்கி எறிவதும்

சவ்வைத் தயாரிக்க பாலிமரைக் கரைப்பானில் கரைத்து, படலமாக வார்த்து, தண்ணீர்த் தொட்டியில் இறக்குவார்கள். என்-மெத்தில் பிரோலிடோன், டைமெத்தில் ஃபார்மமைடு போன்ற கரைப்பான்கள் தண்ணீரில் கலந்துவிடும். இரண்டுமே இனப்பெருக்க நலனைப் பாதிப்பவை என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தப்பட்டவை. பாதிப்பு புகைபோக்கி இருக்கும் ஊரில் இருக்காது, சவ்வு செய்யும் தொழிற்சாலையின் தொழிலாளியிடமும் அதன் கழிவுநீரிலும் இருக்கும். தீமை குறைந்த கரைப்பான்கள் ஆய்வில் உள்ளன. சில வகைச் சவ்வுகளில் ஃபுளூரின் கலந்த பாலிமர்கள் வருகின்றன. இயற்கையில் மக்காத இந்தக் குடும்பத்தையே கட்டுப்படுத்தும் முன்மொழிவை ஐந்து ஐரோப்பிய நாடுகள் 2023 ஜனவரியில் தாக்கல் செய்தன.

சரி, கழிவு எவ்வளவு? கடல்நீரைக் குடிநீராக்கும் சவ்வுச் சுருள்களின் எடையை வைத்து உத்தேசமாகப் போட்டால் சதுர மீட்டருக்கு 350 கிராம் வரும். 10 லட்சம் சதுர மீட்டருக்கு 350 டன். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் ஆண்டுக்கு 90 டன்னுக்குள். அதே ஆண்டில் பிடிப்பது 33 லட்சம் டன் போல. ஒரு டன் கரியமில வாயுவுக்கு 30 கிராமுக்கும் குறைவான பிளாஸ்டிக் கழிவு. வழக்கமான அமீன் கரைசலில் ஒரு டன்னுக்குக் கிலோ கணக்கில் இழப்பு ஆகும். பிளாஸ்டிக் மலை குவியும் என்ற பயத்துக்கு எண்கள் இடம் தரவில்லை.

தண்ணீர் விஷயத்தில், நீராவி கரியமில வாயுவைவிட வேகமாகச் சவ்வைக் கடக்கும். அது குளிர்ந்து அமிலத்தன்மையுள்ள நீராகச் சேரும். சுத்திகரித்தால் நிலையத்துக்கே பயன்படும், அப்படியே விட்டால் மண்ணுக்குக் கெடுதல்.

கண்ணுக்குத் தெரியாத கசிவு: மீத்தேன்

வணிகரீதியாகச் சவ்வு நன்கு வேரூன்றிய இடங்கள் இயற்கை எரிவாயு சுத்திகரிப்பும் சாண எரிவாயு போன்ற உயிர்வாயுவைத் தரமுயர்த்துவதும்தான். அங்கே பிரிப்பது மீத்தேனையும் கரியமில வாயுவையும். மீத்தேனிலும் ஒரு சிறு பங்கு சவ்வைக் கடந்துவிடும்.

60 சதவீத மீத்தேன் உள்ள 100 கனமீட்டர் உயிர்வாயுவை எடுத்துக்கொள்வோம். 2 சதவீத மீத்தேன் நழுவினால் அது 1.2 கனமீட்டர், 0.86 கிலோ. நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல 27 மடங்கு வெப்பமூட்டும் என்பதால் இது 23 கிலோவுக்குச் சமம். மீதி மீத்தேன் புதைபடிவ எரிவாயுவுக்குப் பதிலாக எரிந்து மிச்சப்படுத்துவது 115 கிலோ. நன்மையில் ஐந்தில் ஒரு பங்கு அந்த 2 சதவீதத்திலேயே போகிறது. 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்கு என்று போட்டால் 69 கிலோ. பாதிக்கு மேல் காலி.

தீர்வு இருக்கிறது. மூன்று கட்டச் சவ்வு அமைத்தால் நழுவல் 1 சதவீதத்துக்குக் கீழே வரும். பிரிந்த கரியமில வாயுவை வெளியே விடாமல் திரவமாக்கினால் கலந்திருக்கும் மீத்தேனைத் திரும்ப எடுத்துவிடலாம். கரியமில வாயுவைப் பிடிப்பது மீத்தேன் கசிவையும் சேர்த்து அடைப்பதால், சவ்வுக்கு நான் முதலிடம் தருவது இந்தத் துறையில்தான்.

காற்றிலிருந்தே பிடிக்கலாமா?

ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் 50 நானோமீட்டருக்கும் மெல்லிய சவ்வுகளால் இதை முயல்கிறார்கள். அறிவியலாக அருமையான முயற்சி. ஆனால் ஒரு டன் கரியமில வாயு 13 லட்சம் கனமீட்டர் காற்றில் பரவிக் கிடக்கிறது. நிலக்கரிப் புகையில் அதே ஒரு டன் 4,300 கனமீட்டரில் இருக்கிறது. அவ்வளவு காற்றையும் வெறும் 0.1 பார் மட்டும் அழுத்தினாலே 3,600 யூனிட் ஆகிவிடும். காற்றை அழுத்தாமல், கடந்து வருவதை மட்டும் உறிஞ்சியாக வேண்டும். அப்போதும் அழுத்த விகிதத்தின் வரம்பு குறுக்கே நிற்கும். எனவே செறிவான வாயு கிடைப்பது பல கட்டங்களுக்குப் பிறகுதான்.

பிடித்த வாயு எங்கே போகிறது?

உலகில் இன்று இருக்கும் கார்பன் பிடிப்புத் திறன் எல்லா முறைகளும் சேர்ந்து ஆண்டுக்கு 5 கோடி டன் அளவு. புதைபடிவ எரிபொருள்களிலிருந்து வெளியேறுவது 3,700 கோடி டன்னுக்கு மேல். பிடிப்பதிலும் பெரும்பங்கு எரிவாயு சுத்திகரிப்பில் கிடைப்பது. அதிலும் கணிசமான பகுதி எண்ணெய்க் கிணறுகளில் செலுத்தப்பட்டு, மிச்சமிருக்கும் கச்சா எண்ணெயை வெளியே தள்ளப் பயன்படுகிறது.

சவ்வின் மிகப் பெரிய உதாரணமும் இங்கேதான். பிரேசிலின் ஆழ்கடல் எண்ணெய் வயல்களில் பெட்ரோபிராஸின் மிதக்கும் உற்பத்திக் கப்பல்களில் சவ்வுகள் கரியமில வாயுவைப் பிரிக்கின்றன. அது அதே வயலுக்குள் திருப்பிச் செலுத்தப்படுகிறது, ஆண்டுக்கு 1 கோடி டன்னுக்கு மேல். காற்றில் விட்டிருந்தால் நிலைமை மோசம் என்பதில் சந்தேகமில்லை. கப்பலின் குறுகிய தளத்தில், கனமான கரைசல் கோபுரங்கள் இல்லாமல் இதைச் செய்ய முடிவதும் சவ்வால்தான். அதே செலுத்தல் எண்ணெய் எடுப்பையும் கூட்டுகிறது.

பொதுவான ஒரு கணக்கு: இப்படி எடுக்கும் எண்ணெயில் பீப்பாய்க்குச் சுமார் 0.3 டன் கரியமில வாயு செலுத்துவதுண்டு. ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் எரிந்தால் 0.43 டன் வெளியேறும். செலுத்தியது முழுவதும் உள்ளேயே தங்கினாலும், ஒவ்வொரு டன்னுக்கும் மூன்று பீப்பாய்க்கு மேல் எண்ணெய் வெளிவந்து, 1.4 டன் கரியமில வாயுவாக மாறும். அந்த எண்ணெய் வேறொரு கிணற்றின் எண்ணெய்க்குப் பதிலாக வந்ததா, சந்தைக்குக் கூடுதலாக வந்ததா என்பதைப் பொறுத்தே அந்தத் திட்டத்தை லாபம் என்றோ நஷ்டம் என்றோ எழுத முடியும். உப்புநீர்ப் பாறை அடுக்குகளில் நிரந்தரமாகச் சேமித்தால் இந்தக் கேள்வியே எழாது. 1996 முதல் வடகடலின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் அப்படித்தான் செய்கிறார்கள்.